ஒரு விரக்கடை நீலம்

நம்பறவங்க நம்பட்டும். நம்பாதவங்க சாலிகிராமத்துல அருணகிரி மேஸ்திரி தெருவுக்கு ஒரு நடை போய், வாசல் தெளிச்சுக்கிட்டு இருக்கற எந்தப் பொம்பளைய வேணும்னாலும் நிறுத்தி, "நீலம் உங்க வீட்டு வாசல்ல எந்த வருஷம்மா இருந்துச்சு?"ன்னு கேட்டுட்டு வரட்டும். தன் பொறந்த தேதி தெரியாதவங்ககூட அதுக்குப் பதில் வெச்சிருப்பாங்க. தவமணி வாசல்ல அது இருந்தது அவ பெரிய பொண்ண கட்டிக் குடுத்த வருஷம். குளோரியா டீச்சர் வாசல்ல இருந்தது டீச்சருக்குக் கண்ணுல புரை எடுத்த வருஷம். அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, மொதல் மொதல்ல அது வந்து ஒதுங்குன வாசல் அம்சவேணியோடது. வேற யார் வாசலுக்கு வரும், கழுவி ஊத்துனவளே அவதானே.

அந்தத் தெருவோட மேக்கு மூலைல அப்போ வர்ணமாலா பிலிம்ஸ்னு ஒரு கார்ட்டூன் ஸ்டுடியோ இருந்துச்சு. ஸ்டுடியோன்ன உடனே பெருசா நெனைச்சுக்காதீங்க, நாலு ரூம் ஓட்டு வீடு, பின்னாடி ஒரு கெணறு, கெணத்தடில ஒரு செம்பருத்தி, அவ்ளோதான். முதலாளி ராவ் சாரு. அவரு நாய் வரையணும்னா மொதல்ல மேஜை மேல நாலு கால்ல நின்னு நடந்து பாத்துட்டுத்தான் பென்சில எடுப்பாரு. ஒரு தடவ பாம்பு வரையறேன்னு தரையில நெளிஞ்சவருக்கு இடுப்பு புடிச்சுக்கிட்டு எந்திரிக்க முடியாமப் போய், அந்தக் கோவத்துல பாம்பையே பாதிக் கதையில புத்துக்குள்ள அனுப்பிட்டாரு. அது கெடக்கட்டும்.

அங்க வேலை எப்படின்னா, ஒரு குட்டி யானை ஒரு காலத் தூக்கி முன்னாடி வைக்கணும், அவ்ளோதானேன்னு நமக்குத் தோணும், ஆனா தூக்கறதுக்கு ஒரு படம், கொஞ்சம் தூக்குனதுக்கு ஒரு படம், இன்னும் கொஞ்சம் தூக்குனதுக்கு ஒரு படம்னு, நாம கண்ண மூடித் தொறக்கற நேரத்துக்கே ஒரு கட்டுப் பேப்பர் வரைஞ்சு தள்ளணும். அந்தப் பேப்பர் மேல கண்ணாடி மாதிரி ஒரு ஷீட்ட வெச்சு முன்பக்கம் மையில கோடு இழுக்கணும். ஷீட்டத் திருப்பிப் போட்டு, பின்பக்கம், கோட்டத் தாண்டாம கலர ரொப்பணும். அப்புறம் கேமராக்காரர் தேவசகாயம் அத ஒவ்வொண்ணா மேஜையில வெச்சு, மேலேர்ந்து கீழ குனிஞ்சு பாக்கற கேமராவுல ஒரு ஷீட்டுக்கு ஒரு படம்னு புடிப்பாரு. இவ்ளோவும் பண்ணாத்தான் குட்டி ஒரு எட்டு வெக்கும்.

அந்த ஷீட்டு பம்பாய்லேர்ந்து வரணும், வெலை அதிகம். அதனால படம் புடிச்சு முடிஞ்ச ஷீட்டத் தூக்கிப் போட மாட்டாங்க. வெதுவெதுன்னு சோப்புத் தண்ணில ஊறப் போட்டு, மொதல்ல கோட்டத் தேச்சு எடுத்து, அப்புறம் கலர பால் ஏடு மாதிரி உரிச்சு, பழைய வேட்டியில ஒத்தி, மறுபடி வரையக் குடுத்துடுவாங்க. அந்த வேலை அம்சவேணிக்கு. காலைல ஒக்காந்து கலர் ரொப்புவா, சாயங்காலம் கெணத்தடில ஒக்காந்து கழுவுவா. அவ வீட்டுக்காரரு மாசிலாமணி பஸ் கண்டக்டரு, "யானைய நீயே போட்டு நீயே எடுக்குற, நடுவுல அதுக்கு இன்னாதான் லாபம்"னு கிண்டல் பண்ணுவாரு. அம்சவேணி, "உம்ம பஸ்ஸு மட்டும் காலைல கெளம்பி எங்க போய் நிக்குது, கெளம்புன எடத்துலதானே"ம்பா.

அந்த வருஷம் டிவிக்காக ஒரு சின்னப் படம். குட்டி யானை ஒண்ணு, நல்ல மயில்கழுத்து நீலம், காட்டுல அம்மாவத் தொலைச்சுட்டுத் தேடிப் போவுது, கடைசியில போய்ச் சேருது. குட்டி நடக்கும், ஓடும், அழும். அம்மா ஒரே எடத்துல நிப்பா. அசையாததையெல்லாம் ஷீட்டுல போட மாட்டாங்க; மரம், மலை, வானத்தோட சேத்துப் பின்னாடி இருக்கற அட்டையிலேயே வரைஞ்சுடுவாங்க. அதுக்குப் பேரு பேக்ரவுண்டு. பேக்ரவுண்டு அசையாதுங்கறது அந்தத் தொழில்ல மொத பாடம். ராவ் சாரே ஒக்காந்து ஒரு பெரிய கெட்டி அட்டையில அரசமரத்தடியில அம்மா யானைய வரைஞ்சாரு, துதிக்கைய நேரா கீழத் தொங்க விட்டு, கண்ண மட்டும் பாதைப் பக்கம் வெச்சு.

எல்லாம் முடிஞ்சு, கடைசி சீனு மட்டும், அதாவது குட்டி அம்மாகிட்ட ஓடற சீனு மட்டும் பாக்கி இருக்கறப்ப ஆயுத பூஜை வந்துடுச்சு. இங்க ஒண்ணு சொல்லிடணும். படம் புடிச்சு முடிஞ்ச கட்டு மேல தேவசகாயம் செவப்பு மையில ஒரு பொட்டு வெப்பாரு. பொட்டு இருந்தா கழுவலாம், இல்லாட்டி தொடக்கூடாது. ராவ் சாரோ பூஜைன்னா கை நிக்காத மனுஷன். கேமராவுக்கு சந்தனம் குங்குமம் வெச்சாரு, கத்திரிக்கோலுக்கு வெச்சாரு, ஃபேனுக்கு, நாற்காலிக்கு, பூனைக்குக்கூட வெச்சுட்டு, கடைசியில படம் புடிக்கக் காத்துக்கிட்டு இருந்த அந்தக் கட்டுக்கும், நல்லபடியா முடியட்டும்னு, ஒரு குங்குமப் பொட்டு வெச்சுட்டாரு. மறுநாள் விஜயதசமி. அன்னிக்கு வேலையத் தொட்டா வருஷம் முழுக்க வேலை ஓடும்னு அம்சவேணி எல்லாருக்கும் முன்னாடி வந்தா, பாத்தா, கட்டு மேல செவப்புப் பொட்டு. கழுவிட்டா.

ராவ் சாரு வந்து பாத்துட்டுத் திட்டல. பூஜைப் பொரியில ஒரு பிடி அள்ளி வாயில போட்டுக்கிட்டுக் கெணத்து மேட்டுல ரொம்ப நேரம் ஒக்காந்துட்டாரு. மறுபடி வரைய நாள் இல்ல, டிவிக்குக் குடுத்தே ஆகணும். குட்டி பாதி வழியில, ஒரு காலத் தூக்குனபடி நிக்கறப்பவே 'முற்றும்'னு போட்டுக் குடுத்துட்டாங்க.

கழுவுன தண்ணிய அம்சவேணி தெருச் சாக்கடை ஓரமா ஊத்தியிருந்தா, ஸ்டுடியோவுக்கு அடுத்த வீடுதான் அவளோடது. கோடு கரைஞ்சு போயிடுச்சு, நீலம் கரையல. மறுநாள் காலைல அவ வாசல் தெளிக்க வந்தப்ப, வாசப்படி கிட்ட, ஒரு ஆட்டுக்குட்டி ஒசரத்துக்கு, நீலம் மட்டும் நின்னுக்கிட்டு இருந்துச்சு. நீலமா எதுவும் நிக்கல, நீலம் நின்னுச்சு. எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு தெரியல, ஓரமெல்லாம் கசிஞ்சு, படிக்கட்டுலயும் பால் பாக்கெட்டுலயும் ஏறி, அவ கால் கட்டைவிரல் வரைக்கும் வந்துடுச்சு. அம்சவேணி பாத்தா. பாலெல்லாம் நீலமாயிட்டா காபி போட முடியாதேன்னுதான் அவளுக்கு மொதல்ல தோணுச்சு. கோலமாவு டப்பா கையில இருந்துச்சு. குனிஞ்சு, அந்த நீலத்தச் சுத்தி, காது இருக்கணும்னு நெனைச்ச எடத்துல காது, முதுகு, வாலு, நாலு காலுன்னு ஒரே இழுப்புல ஒரு கோடு போட்டா. கோடு மூடுன நிமிஷம் கசிஞ்சதெல்லாம் உள்ள வந்துடுச்சு, ஒரு குட்டி யானை கால மடக்கிப் படுத்துடுச்சு.

அந்த வாரக் கடைசியில டிவில படம் வந்துச்சு. டிவி இருந்த ஒரே வீட்டுல தெருவே கூடிப் பாத்துச்சு. முற்றும்னு வந்ததும் மத்தவங்க எந்திரிச்சுட்டாங்க. அம்சவேணி பையன் தணிகை மட்டும், ஒண்ணாங்கிளாஸ் படிக்கறான், எந்திரிக்கல.

"ம்மா, அது அவங்கம்மாகிட்ட போச்சா இல்லியா?"

அம்சவேணி ஜன்னல் வழியா, தன் வீட்டு வாசல்ல கெடந்த நீலத்த ஒரு பார்வை பாத்தா.

"போய்க்கினு இருக்குடா"ன்னா.

அதுலேர்ந்து அவன் காய்ச்சல்ல கெடந்தாலும் கேப்பான், பரீட்சைக்குப் போறப்பவும் கேப்பான், அவளும் அதையேதான் சொல்லுவா.

தெரு அதுக்கு எப்படிப் பழகிக்கிச்சுன்னா, புதுசா குடி வந்தவங்களுக்கு எப்படிப் பழகுமோ அப்படித்தான். மொதல்ல மொணகுனாங்க, அப்புறம் விசாரிச்சாங்க, அப்புறம் ஆளாளுக்கு உரிமை கொண்டாடுனாங்க. பகல்ல ஜனங்க மிதிச்சு, சைக்கிள் ஏறிக் கோடு அழிஞ்சுடும், சாயங்காலம் நீலம் மெல்லக் கசிய ஆரம்பிச்சுடும். விடியறதுக்குள்ள தன்னத்தானே சேத்துக்கிட்டு நிக்கும், யாரு வாசலோ அவங்க தண்ணி தெளிச்சுப் புதுசா கோடு போடணும். கொஞ்ச மாசம் கழிச்சுப் பாத்தா அடுத்த வீட்டு வாசல்ல இருக்கும். வாடகைக்காரங்க மாதிரி, இஷ்டத்துக்கு வீடு மாத்துதுன்னு நெனைச்சுக்கிட்டாங்க.

போடறவங்க கைக்கு ஏத்த மாதிரிதான் அன்னிக்கு அது. தவமணி போட்டா யானை குண்டா இருக்கும், ஏன்னா தவமணிக்கு யாரும் எளைச்சு இருந்தா புடிக்காது. குளோரியா டீச்சருக்குக் கோலம் வராது, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் மட்டும் போடுவாங்க. அவங்க வாசல்ல இருந்தப்ப அது பாவம் எத்தனையோ நாள் நட்சத்திரமாவே கெடந்துச்சு, தும்பிக்கை எதுன்னு தெரியாம ஈ ஓட்டக்கூட முடியல. அப்புறம் மாவுச் சண்டை ஒண்ணு. கோலத்த எறும்பு திங்கணும், அதுதான் புண்ணியம்னு தவமணி அரிசி மாவுலதான் போடுவா. எறும்பு வரிசையா வந்து தூக்கிட்டுப் போன எடத்துல கோட்டுல ஓட்டை விழும், அந்த ஓட்டை வழியா நீலம் வழிஞ்சு அவ பூனை நீலமாயிடுச்சு, அந்தப் பூனை போய்ப் படுத்த தலகாணி நீலமாயிடுச்சு, அதுல தலை வெச்ச மாமியா நரைமுடி நீலமாயிடுச்சு. கெழவிக்குப் புடிச்சுப் போய், கடைசி வரைக்கும் மை போடவே விடல. மத்த பொம்பளைங்க, கல்லுமாவுல போடுங்கடி, எறும்புக்குத் தனியா சக்கரை வையுங்கடின்னு ஒரு முடிவுக்கு வந்தாங்க.

இதுல தேவசகாயத்தோட கூத்து வேற. அவரு தெரு நடுவுல ஒரு மாடி வீட்டுல இருந்தாரு. தெனமும் கோலம் முடிஞ்சதும் ஒரு மர ஏணிய எடுத்துட்டு வந்து நீலத்துக்கு நேர் மேல ஏறி நின்னு, கீழ குனிஞ்சு, ஒரே ஒரு படம் புடிச்சுட்டு எறங்கிப் போயிடுவாரு. மொதல்ல ஸ்டுடியோவுல மிஞ்சுன துண்டு ஃபிலிம்ல புடிச்சாரு, அப்புறம் டிஜிட்டல் கேமரா வந்துச்சு, அப்புறம் மருமகன் வாங்கிக் குடுத்த செல்போன். மழைன்னா ஏணியில குடையோட நிப்பாரு. எதுக்கு சகாயண்ணே இதுன்னு அம்சவேணி ஒரு தடவ கேட்டா. "எடுக்காம விட்ட சீனு ஒண்ணு இருக்கும்மா"ன்னுட்டு ஏணியத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு.

இதுக்கு நடுவுல ஸ்டுடியோவுக்கு கம்ப்யூட்டர் வந்துச்சு. ஓட்டு வீட்ட இடிச்சு மாடி கட்டுனாங்க, கெணத்த மூடுனாங்க, செம்பருத்திய மட்டும் ராவ் சாரு வெட்ட விடல. பேப்பர்ல வரைஞ்சத மெஷின்ல குடுத்தா அது உள்ள போயிடும், கலர் ரொப்பறது திரையில. ஷீட்டு கெடையாது, மையி கெடையாது, கழுவறது கெடையவே கெடையாது. அம்சவேணிய எங்க போடறதுன்னு யோசிச்சவங்க, நஸ்ரீன்னு ஒரு பொண்ணு பக்கத்துல ஒக்கார வெச்சாங்க. மொத நாளே ஒரு மாமா தொப்பிக்கு நீலம் போடச் சொன்னாங்க. அம்சவேணி தொப்பி மேல ஒரு தட்டு தட்டுனா. தொப்பி, மாமா, வீடு, வானம், திரை முச்சூடும் நீலமாயிடுச்சு. அவ பதறிப்போய்த் துணி தேடிக்கிட்டு ஓடுனா.

நஸ்ரீன் சிரிச்சுச் சிரிச்சு, அவ கையப் புடிச்சு ஒக்கார வெச்சு, தொப்பியோட கோட்டப் பெருசாக்கிக் காட்டுச்சு. ஒரு ஓரத்துல மயிரிழை அளவுக்குக் கோடு விட்டுப் போயிருந்துச்சு. "இவ்ளோ வழி இருந்தாப் போதும்க்கா, உள்ள இருக்கற கலர் மொத்தமும் வெளிய போயிடும்."

"தவமணி வீட்டு எறும்பு இங்கயும் வந்துடுச்சா"ன்னா அம்சவேணி.

அதுக்கப்புறம் அவளுக்கு அந்த வேலை கை வந்துடுச்சு, சம்பளமும் ஏறுச்சு, கையில சோப்புப் புண்ணு ஆறிடுச்சு. ஆயுத பூஜைக்கு மானிட்டருக்கு அவளே குங்குமம் வெப்பா, பாத்துப் பாத்து, விளிம்புல மட்டும். இன்னும் கொஞ்ச வருஷத்துல கோடே போயிடுச்சு. நஸ்ரீன் களிமண்ணு பெசையற மாதிரி மவுஸ்லயே உருட்டி, கோடில்லாத பொம்மையா பண்ணுச்சு; திருப்புனா முதுகு தெரியும், இன்னும் திருப்புனா மறுபக்கக் காது தெரியும். அம்சவேணிக்கு அது மட்டும் அடங்கல. "கோடு இல்லாம எதுல நிக்குதும்மா அது?"ன்னு கேட்டா. அந்தப் பொண்ணு, "வெளிச்சத்துல நிக்குதுக்கா"ன்னுச்சு.

தேவசகாயத்துக்கு எழுபது தாண்டுன சமயம், ஏணியில ஏற முடியாம, புடிச்ச படத்தையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு நஸ்ரீன்கிட்ட கொண்டுவந்து குடுத்தாரு, பாழாப் போறதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தி வைம்மான்னு. அது ஒரு வாரம் ஒக்காந்து ஏத்துச்சு. ஏத்துனது சும்மா இருக்குமா, தொழில் பழக்கம், ஒண்ணு பின்னாடி ஒண்ணா அடுக்கி ஓட விட்டுப் பாத்துச்சு. பாத்துட்டு அம்சவேணியையும் தேவசகாயத்தையும் கூப்புட்டுச்சு.

திரையில குட்டி நடந்துச்சு. இருவத்தஞ்சு வருஷமா வாசல் வாசலா படுத்துக் கெடக்குதுன்னு எல்லாரும் நெனைச்சது, படுக்கவே இல்ல. தெனம் ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம், முன்னாடி போயிருக்கு, கால தூக்கியிருக்கு, வெச்சிருக்கு, தவமணி வாசல்ல குண்டா, குளோரியா டீச்சர் வாசல்ல நட்சத்திரமா உருண்டு, மறுபடி யானையாகி, நொண்டி, சமாளிச்சு, மேக்கேர்ந்து கெழக்கா, திரையில வலது பக்கமா, நடந்துக்கிட்டே இருக்கு. ஒவ்வொருத்தி கையும் அதுல தெரிஞ்சுச்சு. செத்துப் போனவங்க கைகூட.

"எங்கக்கா போவுது இது?"ன்னு நஸ்ரீன் கேட்டுச்சு.

தேவசகாயம்தான் மெதுவா, "அந்த சீன்ல அது வலது பக்கம் ஓடும். அங்கதான் அம்மா நிக்கற பேக்ரவுண்டு"ன்னாரு.

பேக்ரவுண்டு அட்டை எங்க போச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல. ராவ் சாருக்கு அப்போ ஞாபகங்கறதே போயிட்டு இருந்த காலம், கேட்டா வணக்கம் சொன்னாரு. அம்சவேணி யோசிச்சுக்கிட்டே தெருவோட கெழக்குக் கோடிக்குப் போனா, அங்க வேம்புலி டீக்கடை. வேம்புலிக்கு முன்பல்லு ரெண்டும் கெடையாது. சின்ன வயசுல ஒரு பந்தயத்துல சோடா பாட்டில பல்லால தொறந்து, பந்தயத்துல ஜெயிச்சுப் பல்லுல தோத்தவன். அவன் அடுப்புக்குக் காத்து அடிக்காம இருக்க ஒரு பழைய அட்டைய நிறுத்தி வெச்சிருந்தான், பொகையும் எண்ணெயும் ஏறிக் கரிக்கட்டையா இருந்துச்சு. தெருவுல பாதிப் பேரு அதுல சாஞ்சு டீ குடிச்சவங்க. அம்சவேணி முந்தானைய டீத் தண்ணியில நனைச்சு அதுல ஒரு எடத்துல தேச்சா. ஒரு கண்ணு வந்துச்சு. பாதைப் பக்கமா பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"ஸ்டுடியோவ இடிக்கும்போது எட்த்துக்கினு வந்தேன் வேணிக்கா. நல்ல கெட்டி அட்டை"ன்னான் வேம்புலி.

குட்டி அப்போ கடைக்கு முந்துன அப்பார்ட்மெண்ட் வாசல்ல இருந்துச்சு. அந்த எடம் மட்டும் மோசம். வழவழன்னு கிரானைட்டு, ஒட்டி வெச்ச ஸ்டிக்கர் கோலம், குனியறதுக்கு ஆள் கெடையாது, வாட்ச்மேன் தெனம் பைப்ப வெச்சு அடிச்சுக் கழுவுவாரு. நீலம் அங்க வந்ததுலேர்ந்து வெளுத்துக்கிட்டே இருந்துச்சு, மயில்கழுத்தா இருந்தது துவைச்ச சட்டை மாதிரி ஆயிடுச்சு. அம்சவேணிதான் தெனம் போய்க் கோடு போட்டுட்டு வருவா. இதுல கார்ப்பரேஷன்காரங்க வந்து, பொங்கல் முடிஞ்சதும் தெருவுல கடை இருக்கற பக்கம் மழைத்தண்ணி வடிகால் வெட்டப் போறோம், கடைய எதிர்ப்பக்கம் மாத்திக்கன்னு வேம்புலிகிட்ட சொல்லிட்டுப் போயிட்டாங்க. குட்டி நடக்க வேண்டிய பாதையே பள்ளமாயிடும். எந்தச் சாக்கடையிலேர்ந்து வந்துச்சோ அதுலயே போயிடும்.

இதுக்கு இன்னா பெரிய யோசனைன்னு மாசிலாமணி, வேம்புலிய ஒரு பக்கம் புடிக்கச் சொல்லி, அட்டையத் தூக்கிக் குட்டிகிட்ட கொண்டு போனாரு. தேவசகாயம் வேணாம் வேணாம்னு கத்தறதுக்குள்ள ஆயிடுச்சு. அட்டை கிட்ட வர வர, குட்டி கால மாத்தி மாத்திப் போட்டு, அட்டை எவ்ளோ வந்துச்சோ அவ்ளோ பின்னாடி சறுக்கிட்டுப் போச்சு. தொழில்ல அப்படித்தான். பேக்ரவுண்ட இழுத்தா ஆளு கால ஆட்டிக்கிட்டே இருக்கும், ஒரு எட்டுகூடக் கிட்ட போவாது. ஓடற மாதிரி காட்டறதுக்கு அதுதானே சுலப வழி. அட்டையத் திரும்பக் கொண்டுபோய் வெச்சாங்க, குட்டியும் பழைய எடத்துக்கு வந்துச்சு, மாசிலாமணி துண்டால மூஞ்சத் தொடைச்சுக்கிட்டு, கண்டக்டர் சொல்றத எந்த வண்டிதான் கேட்டிருக்குன்னாரு.

நஸ்ரீன்தான் படத்தத் திரும்பத் திரும்ப ஓட விட்டு ஒண்ணக் கண்டுபுடிச்சுச்சு. குளோரியா டீச்சர் ஒருநாள் கோணலாப் போட்டத தவமணி பாத்துட்டுத் தொடைச்சு மறுபடி போட்டிருக்கா, தேவசகாயம் ரெண்டையும் புடிச்சிருக்காரு, அன்னிக்குக் குட்டி ரெண்டு விரக்கடை போயிருக்கு. "அது நாளு கணக்குல நடக்கலக்கா, கோட்டுக் கணக்குல நடக்குது."

மார்கழிக் கடைசி நாள், போகிப் பொகை இன்னும் அடங்காத விடியக்காலைல, தெருவுல இருந்த அத்தனை பொம்பளைங்களும் மாவு டப்பாவோட அப்பார்ட்மெண்ட் வாசல்ல வரிசை கட்டி நின்னாங்க. வாட்ச்மேன் பைப்ப மூடிட்டு ஓரமா நின்னுட்டாரு. தேவசகாயத்த மூணு பேரு புடிச்சு ஏணியில ஏத்துனாங்க. மாசிலாமணி தன்னோட கண்டக்டர் விசில எடுத்துட்டு வந்திருந்தாரு. விசில் அடிச்சா ஒருத்தி குனிஞ்சு கோடு போடணும், தேவசகாயம் படம் புடிக்கணும், அடுத்த விசிலுக்கு ஈரத்துணியால தொடைச்சுட்டு அடுத்தவ போடணும். போட்டாங்க, தொடைச்சாங்க, போட்டாங்க, தொடைச்சாங்க. ஸ்டிக்கர் கோலம் மட்டுமே ஒட்டிப் பழகுன அப்பார்ட்மெண்ட் பொண்ணுங்ககூட எறங்கி வந்து, எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டு, கோணல்மாணலா ஆளுக்கு ஒண்ணு போட்டாங்க. நஸ்ரீன் மாவே தொட்டதில்லாத கையால ஒண்ணு போட்டுச்சு. குளோரியா டீச்சர் இந்தத் தடவயும் நட்சத்திரம்தான் போட்டாங்க. விசில் வேகமாச்சு, கை வேகமாச்சு, அப்புறம் யாரு போட்டா யாரு தொடைச்சான்னு தெரியாத ஒரு நேரம் வந்துச்சு, அப்பதான் அந்தத் தெரு மொதல் மொதல்ல பாத்துச்சு, வெறும் கண்ணாலயே, குட்டி நடக்கறத. நடந்துச்சு, அப்புறம் காத ஆட்டிக்கிட்டு ஓடுச்சு.

அட்டைக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சு. கடைசிக் கோடு அம்சவேணியோடது.

தவமணி வந்து அவ தோளப் புடிச்சா. "ஏ வேணி, நல்லா இறுக்கிப் போட்டு மூடுடி. பெத்தவ எதுத்தாப்புல பாத்துக்கினு இருக்கட்டும், புள்ள நம்ம தெருவுலயே இருக்கட்டும். இத்தினி வருஷம் வளத்தது நாமதானேடி." பின்னாடி நின்னவங்களும் ஆமா ஆமான்னாங்க. அட்டையோட சேத்துத் தெருவோட எதிர்ப்பக்கம் வெச்சு, மேல ஒரு கூரை போட்டு, தெனம் முறை வெச்சுப் பாத்துக்கலாம்னாங்க.

அம்சவேணி குனிஞ்சா. முதுகு போட்டா, வாலு போட்டா, பின்னங்கால் முன்னங்கால் நாலும் போட்டா, காது போட்டா, அவ போட்டதுலயே அதுதான் நல்ல யானைன்னு இன்னிக்கும் சொல்லுவாங்க, தும்பிக்கைய அட்டைப் பக்கமா நீட்டி, நுனிக்கு வந்தா. வாழ்நாள் முழுக்க அவ பண்ண வேலை கோட்ட மூடறது. ஷீட்டுல மூடியிருக்கா, வாசல்ல மூடியிருக்கா, திரையில மயிரிழை ஓட்டையத் தேடித் தேடி மூடியிருக்கா. நுனியில, ஒரு விரக்கடை எடத்த மூடாம விட்டுட்டு, டப்பாவக் கீழ வெச்சா.

மாசிலாமணி விசில் அடிக்கல. தவமணி, "பாவி"ன்னா, அதுவும் மெதுவா.

அந்த வழியா நீலம் போச்சு. மொதல்ல தும்பிக்கை, அப்புறம் தலை, அப்புறம் மொத்தமும், கைக்கொழந்த எறங்கிப் போற மாதிரி நிதானமா, தரையில ஒரு சொட்டு நிக்காம, அட்டையில ஏறிடுச்சு. கோலத்துக்குள்ள வெறும் தரை இருந்துச்சு. தேவசகாயம் மேலேர்ந்து ஒரு படம் புடிச்சுட்டு, "முடிஞ்சுதும்மா"ன்னாரு.

வெயில் ஏறினப்ப வேம்புலி அட்டையோட கரியத் தொடைச்சான். அரசமரத்தடியில அம்மா காலுகிட்ட குட்டி நின்னுச்சு. அதுக்குச் சுத்தி ஒரு கோடு கெடையாது, இருந்தாலும் கசியல, அடுப்பு வெளிச்சம் ஒரு பக்கமும் வெயிலு ஒரு பக்கமும் பட்டு நின்னுச்சு. ராவ் சாரு நேரா கீழத் தொங்க விட்டு வரைஞ்ச துதிக்கை, இப்போ வளைஞ்சு, குட்டி முதுகு மேல இருந்துச்சு.

"பேக்ரவுண்டு அசையாதுன்னு சொல்லுவீங்களே வேணிக்கா"ன்னான் வேம்புலி.

அப்போ செல்போன் அடிச்சுச்சு. ஓசூர்லேர்ந்து தணிகை, தலையில நரை எட்டிப் பாக்கற வயசு அவனுக்கு, பொங்கலுக்கு லீவு கெடைக்கலன்னு சொல்லக் கூப்புட்டவன், பழக்கத்துல அதையும் கேட்டான்.

"போய்ச் சேந்துடுச்சுடா"ன்னா.

அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு.

டீக்கடை இப்போ எதிர்ப்பக்கம் இருக்கு, அட்டையும் அங்கதான், தாயும் புள்ளையும் சேந்தேதான் எடம் மாறுனாங்க. வடிகால் வெட்டி மூடிட்டாங்க. தவமணி அம்சவேணியோட பொங்கல் முடியற வரைக்கும் பேசல, அப்புறம் அவளே கருப்பட்டியோட வந்தா. வாசல்ல நீலம் இல்லைன்னாலும் அந்தத் தெருப் பொம்பளைங்க தெனம் கோலம் போடத்தான் செய்யறாங்க, தாமரையோ தேரோ அவங்கவங்க இஷ்டம். கிட்ட போய்ப் பாத்தா ஒண்ணு தெரியும். எவ்ளோ பெரிய கோலமா இருந்தாலும், கெழக்குப் பக்கம், ஒரு விரக்கடை மூடாம விட்டுத்தான் எந்திரிப்பாங்க.